தலைக்கு மேல் ஒரு பூவேலை

போன ஐப்பசி மாதம். அடைமழை பிடித்து நான்காம் நாள். சிட்லபாக்கத்தில் என் அத்தை வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்த சம்பவம் இது.

அத்தையின் பேரன் ஆறு மாதக் குழந்தை. கட்டிலில் கிடந்து சிணுங்கிக்கொண்டே இருந்தான். "ஈரக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று சொல்லி, அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. படுக்கை அறைக்குள் 'தடால்' என்று ஒரு சத்தம். கூரையே இறங்கிவிட்டதோ என்று எல்லோரும் ஓடிப்போய் விளக்கைப் போட்டுப் பார்த்தோம்.

கூரை அப்படியேதான் இருந்தது. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் அழகுக்காக ஒட்டியிருந்தார்களே, அந்தக் கார்னிஸ் பட்டை ஏழெட்டு அடி நீளத்துக்குப் பெயர்ந்து, கட்டிலின் தலைமாட்டில் மூன்று துண்டாகக் கிடந்தது. குழந்தையின் சின்னத் தலையணை மீது ஒரு துண்டு. அறை முழுவதும் வெள்ளைத் தூள்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

மறுநாள் காலையில் அந்தத் துண்டுகளைத் தெருக்கோடிப் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது. ஒன்பதரை அடி உயரத்திலிருந்து ஏழு கிலோ!

அப்புறம் ஒரு துண்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் மெல்லிய தோல் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. சுவரில் முன்பு அடித்திருந்த டிஸ்டெம்பர்! கார்னிஸ் தான் பிடித்ததை இன்னமும் விடாமல்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது பிடித்துக்கொண்டிருந்தது வர்ணத்தை. வர்ணம் ஈரத்தில் ஊறிச் சுவரை விட்டதும், கார்னிஸும் கூடவே வந்துவிட்டது.

ஒட்டிய மனிதர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, "எப்படியாவது முடித்துக் கொடுங்கள்" என்று அவரைத் துரத்தியது எங்கள் குடும்பந்தான். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

ஏரி நடுவே வீடு

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். புதிதாகக் கட்டி முடிக்கும் வீடுகளில் பத்துக்கு ஏழெட்டு வீட்டில் கூடத்துக்காவது கார்னிஸ் இருக்கும். ஒரு காலத்தில் பெரிய பங்களாக்களுக்கும் சினிமாக் கொட்டகைகளுக்கும் உரிய அலங்காரம் இது. இன்று அறுநூறு சதுர அடி வீட்டுக்காரரும், "ஓரத்தில் ஒரு பார்டர் ஓட்டிவிடுங்கள்" என்கிறார். குற்றமில்லை. ஆயுள் முழுவதும் தவணை கட்டப்போகிற வீட்டில், படுத்தபடி அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்கு இனிமையாக ஏதாவது இருக்க வேண்டாமா?

ஆனால் இந்தப் பிரதேசத்தின் சுபாவத்தையும் யோசிக்க வேண்டும். 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ரயில் நிலையத்தைச் சுற்றியும் மனை மனையாக ஊர் வளர்ந்தது. 2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. வளர்ந்த இடமெல்லாம் முன்பு ஏரியும், ஏரிப் பாசன வயலும். சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, சிட்லபாக்கம் ஏரி என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் ஏரி உண்டு. கீழே ஈரம்.

மேலேயும் குறைவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை, ஒரே நாளில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஓடினவர்கள் அந்த இரவை மறக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய மழை எப்போதாவதுதான் வரும் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நம் மொட்டை மாடிகளுக்குப் பரீட்சைக் காலந்தான்.

அந்த ஈரம் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் எது? கூரையும் சுவரும் சேரும் அதே மூலை!

வெளியே இருந்தது உள்ளே வந்தது

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்னிஸ் என்பது முதன்முதலில் மழைக்காக ஏற்பட்ட சமாசாரம்.

தாம்பரத்துக்குப் பக்கத்திலே மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. சோழர் காலத்துக் கோயில். கருவறையின் பின்புறம் படுத்த யானையின் முதுகு போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று பெயர். இது போன்ற கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரின் உச்சியில் கவனித்துப் பாருங்கள். கல் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கொடுங்கை. சிற்ப நூல்காரர்கள் கபோதம் என்பார்கள். கபோதம் என்றால் புறா. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் ரதங்களிலும் இந்தக் கபோதம் உண்டு. அதன் மீது கூடு என்கிற சின்னஞ்சிறு வளைவுகள், அவற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள். கூரையில் விழுந்த மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தூரப் போய் விழ வேண்டும். அதற்காகவே இந்த நீட்டல். கூரைவீட்டு இறவாரம் கல்லானது என்றும் சொல்லலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இந்தக் கொடுங்கையைக் கல்லில் செய்யும்போது, அடியிலே மரச் சட்டம், குறுக்குக் கம்பு, ஆணி என்று எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கி வைத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்ப்பவன் மரம் என்றே சத்தியம் செய்வான். பிற்காலத்தில் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதின ஸ்தபதிகள், 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாம். அந்த ஒன்றை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள் என்று அர்த்தம். தொழிலாளி தன் எல்லையைத் தானே எழுதிக் கொடுத்த காலம்!

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு இந்த ஓர வேலைப்பாடு அறைக்குள்ளேயும் புகுந்தது. அன்று அதைச் செய்தது சுண்ணாம்பில். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சாந்துக்கு அந்நாளில் உலகப் பெயர். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் இதன் பக்குவத்தை எழுதி லண்டன் ராயல் சொஸைட்டிக்கு அனுப்பினார். 1730-களின் தொடக்கத்தில் அது அச்சாகியும் இருக்கிறது. அந்தச் சாந்து சுவரோடு சுவராக இறுகிவிடும். தனியாகப் பெயர்ந்து விழ அதற்குத் தெரியாது.

இன்று நாம் ஒட்டுவது வேறு.

மாவுக்கட்டுத் தத்துவம்

பி.ஓ.பி. என்று சுருக்கமாகச் சொல்லுகிறோமே, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அது எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள் அல்லவா? அதே மாவு. ஜிப்சம் என்ற கல்லை 150 டிகிரி அளவுக்குச் சுட்டால், அதனுள் கட்டுண்டிருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது இந்தத் தூள். மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால், போன தண்ணீரை வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாகிவிடும். அப்பொழுது கைக்குச் சூடு தட்டும். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சூடு ஞாபகம் இருக்கும். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் இந்தக் கல்லை வெட்டி எடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. நமக்கு அதிகமாக வருவது ராஜஸ்தானிலிருந்து.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் என்ன சொல்லி அனுப்புகிறார்? "தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கார்னிஸுக்கும் அதே வைத்தியந்தான். "பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் கடலில் போட்டாலும் கரைவதில்லையே!" என்று சிலர் கேட்கலாம். சட்டென்று கரையாது, வாஸ்தவம். ஆனால் ஊறினால் நெகிழும். பலம் பெருமளவு குறைந்துவிடும். கரையாமல், பலம் மட்டும் இழந்து, ஈரத்தில் கனமும் கூடித் தலைக்கு மேல் தொங்குவதுதான் ஆபத்து.

பெரியவரின் கரணை

சேலையூரில் ஒரு வீட்டில் நல்ல வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பங்குனி மாதம் ஒரு நாள் போய் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். இளமையில் கோபுரங்களில் சுதை வேலை செய்தவராம். அவருக்குக் கீழே ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். பேச்சு பாதி தமிழ், பாதி ஹிந்தி, மீதி கைஜாடை.

காலை எட்டு மணிக்குப் போனேன். பதினொரு மணி வரை ஒரு துண்டுகூட மேலே ஏறவில்லை. எனக்குப் பொறுமை போயிற்று. "இன்னும் ஒட்டவே ஆரம்பிக்கலையே, பெரியவரே?" என்றேன்.

"ஒட்டறது ஒரு மணி நேர வேலை, தம்பி. சுவரைத் தயார் பண்றதுதான் வேலை" என்றார்.

அந்த மூன்று மணி நேரமும் என்ன நடந்தது? சுவரிலே நான்கு அங்குலம், கூரையிலே நான்கு அங்குலம், அறையைச் சுற்றிலும் பழைய டிஸ்டெம்பரும் பட்டியும் ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டி எடுக்கப்பட்டன. சிமெண்டுப் பூச்சு வெளியே தெரிந்தது. அதன் மேல் சிறு உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டார்கள். பிறகு தூசி போகத் துடைத்து, பிரஷ்ஷால் தண்ணீர் அடித்தார்கள். உலர்ந்த சிமெண்டுச் சுவர் பஞ்சு மாதிரி. குழைத்த மாவிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். மாவு இறுகுவதற்கு முன்பே தண்ணீர் பறிபோனால் அது வெறும் தூள். அதற்காகத்தான் இந்த நனைப்பு. கார்னிஸின் முதுகிலும் கீறல் போட்டு நனைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கார்னிஸ் வேலைக்கு நாம் பேசுகிற கூலி ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று. சுரண்டுவதற்கும் கொத்துவதற்கும் தனியாக யாரும் விலை பேசுவதில்லை. காசு இல்லாத வேலையை யார் கவனித்துச் செய்வார்கள்? அத்தை வீட்டில் வர்ணத்தின் மேல் ஒட்டியதன் ரகசியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரம் பேசும்பொழுதே, "சுரண்டிக் கொத்துவதற்கு இவ்வளவு" என்று தனியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலை முடிந்ததும் ஒரு நடை வந்து பாருங்கள். ஒட்டிவிட்ட பிறகு உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

அடுத்தது நூல். கார்னிஸ் துண்டை மூலையில் பொருத்திப் பிடித்து, அதன் கீழ் விளிம்பு சுவரில் எங்கே தொடுகிறதோ அங்கே ஒரு புள்ளி. ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி நாலு மூலைக்கும் மட்டம் எடுத்து, வர்ணம் தோய்த்த நூலைச் சுண்டி, சுற்றிலும் ஒரே கோடு. அந்த அறையில் ஒரு மூலையில் கூரை அரை அங்குலம் இறங்கியிருந்தது. நம் ஊர்க் கூரைகளில் இது சகஜம். கூரையை அனுசரித்து ஒட்டினால் கார்னிஸ் பாம்பு மாதிரி நெளியும். ஆகையால் கோட்டை அனுசரித்து ஒட்டிவிட்டு, மேலே விடும் இடுக்கை மாவால் நிரப்புவது நல்லது. கீழ்க் கோடு நேராக இருந்தால் கண் ஏமாந்துவிடும்.

தலைகீழாக வெட்டு!

மூலைதான் எல்லோரையும் மண்டியிட வைக்கும் இடம்.

இரண்டு துண்டுகள் மூலையில் சந்திக்க வேண்டுமானால், ஒவ்வொன்றையும் 45 டிகிரியில் சாய்த்து வெட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். ஆனால் கார்னிஸ் தட்டையான பலகை அல்ல. சாய்ந்து நிற்கும் பொருள். அதைத் தரையில் படுக்க வைத்து 45 டிகிரி வெட்டினால் மூலையில் சேரவே சேராது. புதிதாக வேலை பழகுகிறவர்கள் முதல் நாளில் நாலைந்து துண்டுகளைக் கெடுப்பது இதனால்தான்.

அதற்கு ஒரு யுக்தி இருக்கிறது. மூன்று பலகைகளால் ஒரு தொட்டி. இரு பக்கப் பலகையிலும் 45 டிகிரியில் ரம்பம் போகப் பள்ளம் வெட்டியிருக்கும். தொட்டியின் அடிப்பலகையைக் கூரை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பக்கப் பலகையைச் சுவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கார்னிஸ் மேலே எப்படிச் சாய்ந்து நிற்குமோ, அப்படியே அதைத் தலைகீழாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு ரம்பத்தை ஓட்டினால் வெட்டு சரியாக விழும். தலைகீழாக நிற்பதால் இடது வலதாகும், வலது இடதாகும். ராஜஸ்தான் இளைஞர் ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் துண்டின் முதுகில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டார். அனுபவசாலிக்கும் குழப்பம் வரும் போலிருக்கிறது!

அறையின் உள் மூலையில் சுவரைத் தொடும் விளிம்புதான் நீளமாக இருக்க வேண்டும். கூரையைத் தொடும் விளிம்பு குறையும். தூண், உத்தரம் போல வெளியே நீட்டும் மூலையில் இதற்கு நேர்மாறு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அது சரி, மூலை உண்மையில் 90 டிகிரிதானா? மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மூலை மட்டம் பார்க்கும் அதே கணக்கு. சேலையூர் வீட்டில் ஒரு மூலை 5 அடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக வந்தது. பெரியவர் சிரித்தார். "வீட்டைக் கட்டினவர் அவசரக்காரர்" என்றார். அப்படிப்பட்ட மூலையில் கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்து வெட்ட வேண்டும். 92 டிகிரி இருந்தால் ஒவ்வொரு துண்டும் 46. இதற்காக அவர் முதலில் ஒரு சாண் நீளத்தில் இரண்டு வீண் துண்டுகளை வெட்டி, மூலையில் சேர்த்துப் பார்த்துவிட்டே பெரிய துண்டில் ரம்பம் வைத்தார்.

வீண் துண்டு எங்கிருந்து வரும் என்கிறீர்களா? கணக்காக வாங்கினால் வராது. 12 அடிக்கு 10 அடி அறை என்றால் சுற்றளவு 44 அடி. எட்டடித் துண்டு என்று வைத்துக்கொண்டால் ஆறு துண்டு, 48 அடி, போதும் போல இருக்கும். ஏழாக வாங்குங்கள். ஒரு துண்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய், தப்பாக வெட்டியதை மாவால் அடைத்து மூடும் நிலை வரக் கூடாது.

பத்து நிமிஷ ஓட்டம்

மாவு குழைப்பதைப் பார்க்க வேண்டும். தண்ணீரில்தான் தூளைத் தூவுகிறார்கள். தூளில் தண்ணீரை ஊற்றுவதில்லை. தூள் தண்ணீருக்கு மேல் தீவு தீவாக எழும்பி நின்றதும் நிறுத்திக் கலக்குகிறார்கள். அதன் பிறகு ஒரே ஓட்டம். கால் மணிக்குள் இறுகிவிடும். இறுக ஆரம்பித்த மாவில் மேலும் தண்ணீர் விட்டு இளக்கினால் இளகும். ஆனால் அதற்குப் பிடிப்பு இராது. "செத்த மாவு" என்று அதைத் தூர எறிந்தார் பெரியவர். சிக்கனம் கருதி அதையே பூசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாவை முதுகில் பூசி, மூலையில் வைத்து அழுத்தியதும் இரு ஓரத்திலும் மாவு பிதுங்கியது. பிதுங்கினால்தான் உள்ளே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். கீழே தாங்கலாகக் கோட்டின் மேல் தற்காலிகமாக ஆணிகள். அதோடு விட்டுவிடவில்லை. இரண்டடிக்கு ஒன்றாகச் சுவரில் துளையிட்டு, பிளக் அடித்து, திருகாணி முடுக்கினார்கள். திருகாணி துத்தநாகம் பூசியதாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். சாதாரண இரும்பு என்றால் ஈரமாவில் துருப்பிடித்து, ஆறு மாதத்தில் கார்னிஸ் மேல் பழுப்புப் பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

துளை போடும்பொழுது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் தொடக் கூடாது. மின்சாரக் குழாய் கூரையிலிருந்து அந்த வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அங்கே மாவின் பிடிப்பு மட்டுமே கதி. சந்திப்புகளில் முதுகுப் பக்கம் சணல் நாரை மாவில் தோய்த்து வைத்து இணைத்தார்கள். முன்பக்கத்து இடுக்கைப் பெரியவர் விரலாலேயே அடைத்து, ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தார். எங்கே ஒட்டு என்று எனக்குத் தெரியவில்லை. உப்புத்தாள் போடுவதும் வர்ணம் அடிப்பதும் நன்றாகக் காய்ந்த பிறகு. குறைந்தது ஒரு வாரமாவது விட வேண்டும்.

இளைஞர்கள் நின்றது சரியான சாரத்தின் மீது. ஸ்டூல் மேல் ஸ்டூல் அடுக்கி, ஏழு கிலோ பட்டையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு ஒருவன் நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விழுந்தால் யார் பொறுப்பு? சாரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க யோசிக்கக் கூடாது. உப்புத்தாள் போடும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளவும் சொல்ல வேண்டும்.

கூரை நகருகிறது!

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சில வீடுகளில் கார்னிஸின் மேல் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். அதுவும் மாடி வீட்டில் மேல் தளத்தில் மட்டும். காரணம் ஒட்டினவரிடம் இல்லை, சூரியனிடம் இருக்கிறது.

கான்கிரீட் கூரை வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 30 அடி நீளக் கூரையில் 25 டிகிரி வெப்பம் ஏறினால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீளும் என்பது கணக்கு. கீழே செங்கல் சுவர் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் அது கூடவே நகருவதில்லை. ஒரு கையால் கூரையையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டிருக்கிற கார்னிஸ் என்ன செய்யும்? நடுவே மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி விரிந்து போகும்.

இந்த விரிசலை மறைக்கவே பலர் கார்னிஸ் போடுகிறார்கள் என்பதுதான் பரிதாபம். மூலையில் கோடு விட்டிருக்கிறது. 'அதன் மேல் ஒரு பார்டர் ஓட்டிவிட்டால் தெரியாது' என்று நினைக்கிறார்கள். தெரியாது, உண்மைதான். ஆனால் மொட்டை மாடித் தண்ணீர் அந்தக் கோட்டின் வழியாக இறங்குவதும் தெரியாமல் போகும். கார்னிஸின் முதுகுக்குப் பின்னே ஒரு மழைக்காலம் முழுவதும் ஈரம் தங்கும். அத்தை வீட்டிலும் நடந்தது அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்த இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகக் கறை தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள்.

ஆகவே முதலில் மாடியைப் பாருங்கள். தட்டோடு இடுக்குகள் விட்டிருக்கின்றனவா, கைப்பிடிச் சுவரின் அடியில் வெடிப்பு உண்டா, மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்யுங்கள். மேல் தளத்தில் கூரை நகருகிற வீடு என்று தெரிந்தால், கார்னிஸைக் கூரையில் மட்டும் திருகாணியோடு கெட்டியாகப் பிடிக்கச் செய்து, சுவரைத் தொடும் கீழ் விளிம்பில் மாவு வைக்காமல், இழுத்தால் நீளுகிற அக்ரிலிக் பசையால் அடைக்கச் சொல்லலாம். அப்பொழுது கூரை நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். புது வீட்டுக்காரர்கள் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டுக் கார்னிஸ் போடுவது மிக உத்தமம். கிரகப்பிரவேசப் போட்டோவில் கார்னிஸ் இராது. அதனால் என்ன?

கனமே வேண்டாம் என்கிறவர்களுக்குத் தெர்மோகோல் பட்டையும், பாலியூரிதேன் பட்டையும் கடைகளில் வந்திருக்கின்றன. தூக்கினால் பஞ்சு போல இருக்கும். ஈரத்தில் ஊறாது, விழுந்தாலும் பெரிய காயம் இல்லை. வெட்டும் முறை அதே முறை, ஒட்டுவது பசையால். இதற்கும் பழைய வர்ணத்தைச் சுரண்டியே ஆக வேண்டும். தெர்மோகோல் மேல் தின்னர் கலந்த பெயிண்டை அடித்தால் கரைந்து குழி விழும். தண்ணீரில் கலக்கும் பெயிண்டுதான் அடிக்க வேண்டும். தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும் என்பதால் சமையலறைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விளிம்புகளில் பி.ஓ.பி.யின் கூர்மையும் இதற்கு வராது. தேக்கில் கார்னிஸ் போடும் செல்வந்தர்களுக்கு நம் யோசனை தேவைப்படாது. கோடையில் மரம் சுருங்கிச் சாய்வெட்டு வாய் பிளக்கும் என்பதால், ஒரு துண்டை மூலை வரை நேராக ஓட்டி, அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்குப் பொருந்தும்படி குடைந்து சேர்க்கச் சொன்னால் போதும்.

ஏற்கெனவே கார்னிஸ் உள்ள வீட்டுக்காரர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு காரியம் செய்யலாம். ஏணி போட்டு ஏறி, விரல் முட்டியால் அடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடம் சுவரை விட்டுவிட்டது. சவரப் பிளேடு ஓரத்தில் உள்ளே நுழைந்தாலும் அப்படியே. மஞ்சள் கறை இருந்தால் தட்டிப் பார்க்கவே வேண்டாம். கொத்தனார் வரும்வரை கட்டிலின் தலைமாட்டை அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

சேலையூர் பெரியவரை அத்தை வீட்டுக்கும் ஒரு நாள் அழைத்துப் போனேன். படுக்கை அறையில் மிச்சமிருந்த மூன்று சுவரையும் தட்டினார். ஓரிடத்தில் கரணையின் முனையை உள்ளே விட்டு மெல்ல நெம்பினார். நாலடி நீளம் அவர் கையோடு வந்துவிட்டது. முதுகில் அதே ரோஜா நிறம். அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் இறக்கிடலாம்மா" என்றார்.

இறக்கிவிட்டார்கள். சித்திரையில் மொட்டை மாடியைப் பெயர்த்துப் புதிதாகத் தட்டோடு பதித்தாயிற்று. அறையில் பழைய வர்ணம் முழுவதையும் சுரண்டி, நான்கு சுவரின் உச்சியிலும் கொத்தி வைத்திருக்கிறார் பெரியவர். இப்பொழுதே ஒட்டிவிடலாமே என்றார் அத்தான். அவர் சம்மதிக்கவில்லை. ஐப்பசி பிறந்து, நல்ல மழையாக நான்கு நாள் பெய்த பிறகு வந்து தொட்டுப் பார்ப்பாராம். காய்ந்திருந்தால் கார்த்திகையில் வேலை. அத்தை நாட்காட்டியில் ஐப்பசி முதல் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறாள். குழந்தை இப்பொழுது தவழ்கிறான். அதுவரை அவனுக்குக் கூடத்தில்தான் படுக்கை.